பதிவேட்டில் எழுதிய பெயர்: ஜப்பானின் அரசியலைச் சேரியிலிருந்து வாசித்தல்

(பள்ளிப்பட்டில் நடந்த அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் நினைவுக் கூட்டத்தில் ஜப்பானைப் பற்றிப் பேச்சு என்று அழைப்பிதழில் பார்த்ததும் சிலர் சிரித்திருப்பீர்கள். பள்ளிப்பட்டில் பஸ் ஏறினால் நகரி வரும், புத்தூர் வரும். டோக்கியோ எங்கே வரப்போகிறது? ஆனால் தமிழனுக்கு ஜப்பான் புதிதல்ல. ஜப்பானில் ரயில் நொடி தவறாது, பள்ளிப் பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டுவார்கள், அணுகுண்டு விழுந்த மண்ணிலிருந்து எழுந்து நின்றார்கள் என்று மேடைக்கு மேடை கேட்டிருக்கிறோம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதியபோது நாம் கொண்டாடினோம். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை; அது வேறு விஷயம். அவர் நம் பொங்கலையும் அவர்களுடைய சிறு புத்தாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பொங்கலை ஒப்பிட்டவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். சேரியை ஒப்பிடத்தான் ஆள் இல்லை.

இன்னொரு ஜப்பானியரையும் சொல்ல வேண்டும், நொபோரு கராஷிமா. சோழர் கல்வெட்டுகளை வாசித்து, நிலம் யாரிடம் இருந்தது, வரி யார் கட்டினார்கள் என்று எண்ணிக் கணக்கிட்டவர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், வரி விலக்கு பெற்ற இடங்களின் பட்டியலில், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் பொற்காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பக்கத்து வரியை வாசிப்பதில்லை. ஜப்பானின் அரசியலைப் படிக்கிறவர்களும் இதே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்பது என் வாதம்.

அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர்களுக்கு ஜப்பான் ஒரு பாடம். 1868இல் மெய்ஜி ஆட்சி, 1889இல் அரசியல் சட்டம், போரில் தோல்வி, 1947இல் புதிய அரசியல் சட்டம், 1955இலிருந்து பெரும்பாலும் ஒரே கட்சியின் ஆட்சி. புதிய அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவு, இனம், மதம், பால், சமூக நிலை, குடும்பப் பிறப்பு எதன் பேராலும் பாகுபாடு கூடாது என்கிறது. பரீட்சைக்கு இது போதும். ஆனால் 'குடும்பப் பிறப்பு' என்ற சொல் அங்கே எதற்காக இருக்கிறது? ஒரே இனம், ஒரே மொழி என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கு அந்தச் சொல் எதற்கு? இதற்கு அரசியல் பாடப்புத்தகத்தில் பதில் இல்லை. சமூகத்துக்குள்ளும் பண்பாட்டுக்குள்ளும் போய்த்தான் தேட வேண்டும்.

அங்கே புராக்கு மக்கள் இருக்கிறார்கள். முகத்தைப் பார்த்தோ, பேச்சைக் கேட்டோ, பெயரை வைத்தோ அவர்களை அடையாளம் காண முடியாது. ஜப்பானியரில் ஜப்பானியர். தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் இவர்களில் ஒரு பகுதியினரை 'எத்தா' என்றார்கள். அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளின் பொருள், அழுக்கு மிகுந்தவர். இன்னொரு பகுதி 'ஹினின்'. மனிதர் அல்லாதவர் என்று பொருள். செத்த மாட்டை எடுப்பது, தோலை உரித்துப் பதப்படுத்துவது, மேளத்துக்குத் தோல் கட்டுவது, சிறைக்காவல், மரண தண்டனை நிறைவேற்றும் இடத்தில் வேலை, இவையெல்லாம் அவர்கள் தலையில். இவற்றைப் பட்டியல் போடும்போது நம் ஊர் ஆட்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

'புராக்கு' என்ற சொல்லுக்கு வெறும் குடியிருப்பு, சிற்றூர் என்றுதான் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அதிகாரிகள் இவர்கள் வாழும் இடத்தை 'சிறப்புக் குடியிருப்பு' என்று எழுத ஆரம்பித்தார்கள். அந்தச் 'சிறப்பு' ஒட்டிக்கொண்டதில் நல்ல சொல்லும் வசவாகிப் போனது. நம் 'சேரி' பட்ட பாடும் இதுதான். சங்க இலக்கியத்தில் சேரி என்றால் மக்கள் சேர்ந்து வாழும் பகுதி. புதுச்சேரி என்று சொல்லும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் ஊர், சேரி என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் அர்த்தம் மாறிவிடுகிறது. பிறகு 'காலனி' வந்தது. வெள்ளைக்காரன் சொல்லாச்சே, நாகரிகமாக இருக்கிறதே என்று பார்த்தால் பத்திருபது வருஷத்தில் அதுவும் வசவாயிற்று. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில், அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று அறிவித்தார். நல்லது. ஜப்பானில் 'எத்தா' போய் 'புதிய குடிமக்கள்' வந்தது, அது போய்ச் 'சிறப்புக் குடியிருப்பு' வந்தது, அதுவும் போய்த் 'தோவா', அதாவது இணக்கம் என்ற பொருளுடைய அரசுச் சொல் வந்தது. ஒவ்வொரு முறையும் பலகை மாறியது. குழாயில் தண்ணீர் வந்ததா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

1871இல் மெய்ஜி அரசு ஓர் ஆணை போட்டது. எத்தா, ஹினின் என்ற பெயர்கள் ஒழிக்கப்படுகின்றன, இனி எல்லோரும் சாதாரணக் குடிமக்கள் என்று சில வரிகளில் முடிந்த ஆணை. நம்மில் பலர் இங்கேயே நிறுத்திவிட்டு, 'பாருங்கள், ஜப்பான் ஒரே கையெழுத்தில் ஒழித்துவிட்டது' என்று பேசுவோம். கையெழுத்துக்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். தோல் தொழிலில் அவர்களுக்கு இருந்த தனி உரிமை போயிற்று, இழிவு போகவில்லை. முன்பு வரி கட்டாத நிலத்துக்கு இப்போது வரி கட்ட வேண்டும். நிலம் கொடுக்கவில்லை, ஈடும் கொடுக்கவில்லை. தோலில் லாபம் இருக்கிறது என்று தெரிந்ததும் மேல்தட்டு முதலாளிகள் உள்ளே வந்தார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் உறவுக்காரர்கள் உள்ளவர்களுக்கு இந்தக் கதை புரியும். தோலில் கை வைத்தவனிடம் நாற்றமும், தோலை விற்றவனிடம் பணமும் தங்கும்.

அதைவிட மோசமானதும் நடந்தது. 'அவர்கள் நமக்குச் சமமா?' என்று கேட்டு விவசாயிகள் கலகம் செய்தார்கள். 1873இல், இன்று ஒக்காயாமா மாகாணத்தில் இருக்கும் மிமாசாக்கா பகுதியில் 18 புராக்கு மக்கள் கொல்லப்பட்டார்கள். 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. பழையபடியே பணிந்து நடப்போம் என்று எழுதிக் கொடுக்கும்படி மிரட்டினார்கள். கொளுத்தியவர்களும் ஏழைகள்தான், புதிய அரசின் வரிக்கு எதிராகத் திரண்டவர்கள்தான். வர்க்கம் என்ற ஒற்றைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அது ஒரு விவசாயிகள் எழுச்சி. எரிந்த வீட்டிலிருந்து பார்த்தால் அது கீழவெண்மணிக்கு மூத்தது.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். இன்றைய பேச்சின் மையம் அதுதான். ஆணை போட்ட மறு ஆண்டே, 1872இல், நாடு முழுவதற்கும் குடும்பப் பதிவேடு எடுத்தார்கள். 'கோசெக்கி' என்று பெயர். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதில்தான். தனி மனிதனுக்கு அங்கே இடம் இல்லை. குடும்பத் தலைவர், அவருக்குக் கீழே மற்றவர்கள். அந்தப் பதிவேட்டில் பல இடங்களில் எழுத்தர்கள் முன்னாள் எத்தா என்றோ, 'புதிய குடிமக்கள்' என்றோ எழுதி வைத்தார்கள். ஆணை ஒழித்ததை அலுவலக மை திரும்ப எழுதியது. அப்படி வெளிப்படையாக எழுதாத இடத்திலும் பூர்வீக முகவரி இருக்கிறது. எந்தத் தெரு என்று தெரிந்தால் போதும்.

கல்யாணம் பேசும்போது பெண் வீட்டார் துப்பறியும் நிறுவனத்துக்குப் பணம் கட்டிப் பையனின் பதிவேட்டைப் பார்ப்பார்கள். வேலைக்கு எடுக்கும்போது நிறுவனம் பார்க்கும். 1872ஆம் ஆண்டுப் பதிவேடுகள் இப்படிப் பயன்படுகின்றன என்று இயக்கம் அம்பலப்படுத்திய பிறகு, 1968இல்தான் அவை யாரும் பார்க்க முடியாதபடி மூடப்பட்டன. ஏறக்குறைய நூறு ஆண்டுகள்! பதிவேட்டை மூடியதும் சந்தை சும்மா இருக்கவில்லை. 1975இல் ஒரு விஷயம் வெளியே வந்தது. நாடு முழுதும் உள்ள புராக்கு குடியிருப்புகளின் பெயர், முகவரி, தொழில் எல்லாம் அடங்கிய பட்டியலைப் புத்தகமாகப் போட்டு ரகசியமாக விற்றிருக்கிறார்கள். வாங்கியவை 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். அவற்றில் நாட்டின் பெரிய கம்பெனிகளும் இருந்தன. 1985இல் ஒசாக்கா மாகாணம், புராக்கு பிறப்பைத் துப்பறிவதைக் கட்டுப்படுத்த ஒரு சட்டவிதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு இணையம் வந்தது. போருக்கு முந்தைய ஒரு கணக்கெடுப்பைத் தேடி எடுத்து, இன்றைய ஊர்ப் பெயர்களோடு 2016இல் வெளியிடக் கிளம்பினார்கள். வழக்கு நடந்தது. 2023இல் டோக்கியோ உயர்நீதிமன்றம், பாகுபாடு காட்டப்படாமல் வாழ்வது ஓர் உரிமை என்று ஏற்றுக்கொண்டு, பட்டியலுக்கான தடையை விரிவாக்கியது. 1871க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கழித்து.

பண்டிதரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. மக்கள்தொகைக் கணக்கில் நம்மை எந்தப் பெயரில் எழுதுவது என்பதை ஓர் அரசியல் கேள்வியாக ஆக்கியவர் அவர். எழுத்தன் எழுதிக் கொடுத்த பெயரை ஏற்காமல், நம் பெயரை நாம் சொல்வோம், அதை நீ எழுது என்றார். பதிவேடு என்பது வெறும் காகிதம் அல்ல என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கண்டவர்.

பண்டிதர் பேரால் கூடியிருக்கும் அவையில் பௌத்தத்தைப் பற்றியும் பேச வேண்டும். சங்கடமான விஷயம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். புராக்கு மக்கள் பெரும்பாலும் பௌத்தர்கள். அவர்களை ஒதுக்கியவர்களும் பௌத்தர்கள். தோக்குகாவா காலத்தில் ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்தக் கோயிலில் பதிவு செய்தாக வேண்டும். நாம் கிறித்தவர் அல்ல என்று கோயில் சான்று தர வேண்டும். அதாவது கோயில்தான் அன்றைய பதிவு அலுவலகம். புராக்கு மக்களுக்குத் தனிக் கோயில்கள். இறந்தவர்களுக்கு ஒரு புதிய பெயர் சூட்டிக் கல்லறைக் கல்லில் வெட்டுவது அங்கே வழக்கம். புராக்கு மக்கள் இறந்தால், அந்தப் பெயரில் விலங்கு, அடிமை, தோல் என்று பொருள் தரும் எழுத்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள் பிக்குகள். செத்த பிறகும் சாதி. அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அந்தக் கல்லுக்கு முன்னால் பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள்.

1979இல் அமெரிக்காவில் நடந்த உலக மத, அமைதி மாநாட்டில், சோத்தோ ஜென் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்த மச்சிதா முனேயோ, ஜப்பானில் அப்படிப்பட்ட பாகுபாடே இல்லை என்று பேசினார். விடுதலை இயக்கம் விடவில்லை. தொடர்ந்து கேள்வி கேட்டது. கடைசியில் அவர் தன் பேச்சைத் திரும்பப் பெற்றார். அந்தப் பிரிவு தன் கோயில்களில் இருந்த இறப்புப் பதிவேடுகளையும் கல்லறைகளையும் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. கல்லறை கல்லறையாக இழிபெயர்கள் கிடைத்தன.

இதைச் சொன்னால் சிலர் ஓடி வந்து, 'பார்த்தீர்களா, பௌத்தத்துக்குப் போயும் பயனில்லை' என்பார்கள். அவர்களுக்குப் பண்டிதரே பதில். அவர் 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் ஏற்றது, ஏதோ ஒரு மடத்தின் பதிவேட்டில் பெயர் சேர்க்க அல்ல. சாதியை எதிர்ப்பதையே பௌத்தமாக வாசித்தார். பாபாசாகேப் 1956இல் நாக்பூரில் புத்தம் ஏற்றபோது 22 உறுதிமொழிகளைச் சேர்த்தது ஏன் என்பதை ஜப்பானின் கல்லறைகள் விளக்குகின்றன. அரசின் பதிவு அலுவலகமாக வேலை பார்த்த சங்கம் அரசின் எழுத்தைத்தான் எழுதும்.

1922 மார்ச் 3 அன்று கியோத்தோவில் புராக்கு மக்கள் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். சமநிலையாளர் சங்கம் என்று சொல்லலாம். தண்ணீர் மட்டம் போலச் சமம் என்பது அந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் படிமம். நாலு வருஷத்துக்கு முன்புதான், 1918இல், அரிசி விலை ஏறி நாடு முழுதும் கலவரம் நடந்திருந்தது. அதில் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்களில் புராக்கு மக்கள் அவர்கள் எண்ணிக்கைக்கு மீறி இருந்தார்கள். அதன்பின் அரசும் நல்லெண்ணக்காரர்களும் 'முன்னேற்றம்', 'இணக்கம்' என்று இரக்கத்தோடு வந்தார்கள். சங்கத்தின் அறிக்கையை எழுதிய சாய்கோ மன்கிச்சி, ஒரு கோயில் குடும்பத்துப் பிள்ளை. அந்த அறிக்கை இரக்கத்தை மறுத்தது. எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அந்தச் சொல்லையே எடுத்து, அதுவாக இருப்பதில் பெருமைப்படும் காலம் வந்துவிட்டது என்றது. கொடி கறுப்பு, நடுவே ரத்தச் சிவப்பில் முள்முடி. பௌத்தக் கோயிலில் பிறந்தவர் கிறிஸ்துவின் முள்முடியை எடுத்துக்கொண்டார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த அறிக்கை சகோதரர்களை மட்டுமே விளிக்கிறது. பெண்கள் தங்களுக்கான அமைப்பைக் கேட்டு வாங்க 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் இயக்க வரலாற்றையும் அப்படி ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

1933இல் தக்கமட்சு நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. இரண்டு புராக்கு இளைஞர்கள் தங்கள் பிறப்பைச் சொல்லாமல் ஒரு பெண்ணோடு திருமண உறவுக்கு முயன்றார்கள் என்று, அதைக் கடத்தல் குற்றமாக்கித் தண்டித்தது. கவனியுங்கள்: சட்டப்படி 'எத்தா' என்ற பிரிவே 62 ஆண்டுகளாக இல்லை. இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை என்று சிறை! சங்கம் நாடு முழுதும் பேரணி நடத்தியது. அரசியல் சட்டத்தை மட்டும் படித்தவருக்கு இந்தத் தீர்ப்பு புரியாது. கல்யாணச் சந்தையைப் படித்தவருக்குப் புரியும்.

சங்கத்தின் தலைவராக இருந்தவர் மட்சுமோட்டோ ஜீயிச்சிரோ. 1936இல் நாடாளுமன்றத்துக்குப் போனார். போருக்குப் பின் 1947இல் மேலவையின் முதல் துணைத் தலைவர். 1948 ஜனவரியில் நாடாளுமன்றத் தொடக்க விழாவுக்குப் பேரரசர் வந்தார். அவருக்கு முதுகைக் காட்டக்கூடாது என்பதால், அவரைக் கண்டு வணங்குகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போக வேண்டும் என்பது சம்பிரதாயம். மட்சுமோட்டோ நடக்க மாட்டேன் என்றார். புதிய அரசியல் சட்டத்தில் பேரரசர் வெறும் அடையாளம்தான், அதிகாரம் இல்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். அவருடைய வாதம் வேறு: பிறப்பால் உயர்ந்தவர் ஒருவர் இருக்கும்வரை பிறப்பால் தாழ்ந்தவர் இருந்தே தீருவார். அடுத்த ஆண்டே அவரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கி வைத்தார்கள். பின்னால் திரும்பி வந்தார். ஒரு மனிதன் எப்படி நடக்க வேண்டும் என்பதில் ஒரு நாட்டின் அரசியல் இருக்கிறது. நாம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஊர்த் தெருவைக் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள். நமக்கு இதில் ஆராய்ச்சி தேவையில்லை.

இலக்கிய அமைப்பு நடத்தும் கூட்டம் இது. ஒரு மோசமான கதை எப்படிக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது என்று சொல்கிறேன்.

1951 அக்டோபரில் 'ஆல் ரொமான்ஸ்' என்ற மலிவுப் பத்திரிகையில் ஒரு சிறுகதை வந்தது. களம், கியோத்தோவின் ஒரு புராக்கு. அழுக்கு, கள்ளச்சாராயம், அடிதடி, நோய் என்று எழுதியிருந்தது. எழுதியவர் கியோத்தோ மாநகராட்சி ஊழியர். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? பத்திரிகையை எரிப்போம், எழுத்தாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்போம், வழக்குப் போடுவோம். விடுதலைக் குழுவினர் மாநகராட்சியிடம் போனார்கள். உன் ஊழியன் எழுதியது இழிவுதான். ஆனால் அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது? என்று கேட்டார்கள். நகர வரைபடத்தை விரித்து, குடிநீர்க் குழாய் இல்லாத இடம் எது, சாக்கடை இல்லாத இடம் எது, தீயணைப்பு வண்டி நுழைய முடியாத தெரு எது, கண்நோய் அதிகம் உள்ள இடம் எது, பிள்ளைகள் பள்ளிக்கு வராத பகுதி எது, எல்லாவற்றையும் அதிகாரிகள் கையாலேயே குறிக்க வைத்தார்கள். குறித்து முடித்ததும் அதிகாரிகள் பார்த்தார்கள். குறியெல்லாம் ஒரே இடங்களில் விழுந்திருந்தது. அத்தனையும் புராக்கு. அந்த வரைபடத்துக்கு எதிராக மாநகராட்சியால் பேச முடியவில்லை. நிதி ஒதுக்கீடு வந்தது. அந்தப் போராட்ட முறை மற்ற நகரங்களுக்கும் பரவியது. 1955இல் அந்தக் குழு புராக்கு விடுதலை லீக் ஆயிற்று.

வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியை 2022 டிசம்பரில் பார்த்த நமக்கு, தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்பது பொறியாளர் விஷயம் அல்ல என்று தெரியும்.

இன்னொரு தகவல், தாய்மார்களுக்காக. 1961இல் கோச்சி நகரின் நகஹாமா என்ற பகுதியில், புராக்குப் பெண்கள் அரசியல் சட்டத்தைக் கூடி வாசித்தார்கள். கட்டாயக் கல்வி இலவசம் என்று எழுதியிருக்கிறதே, பிறகு பாடப்புத்தகத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்கிறோம் என்று கேட்டு, வாங்க மறுத்தார்கள். 1963இல் நாடு முழுவதற்கும் இலவசப் பாடநூல் சட்டம் வந்தது. இன்று ஜப்பானில் பள்ளிக்குப் போகும் எல்லாச் சாதிப் பிள்ளையும் அந்தப் புத்தகத்தைத்தான் வாங்குகிறது. யார் கேட்டு வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நல்ல இலக்கியத்துக்கு வருவோம். 1906இல் ஷிமசாக்கி தோசொன் 'ஹகாய்' நாவலை வெளியிட்டார். உஷிமட்சு என்ற பள்ளி ஆசிரியர். உன் பிறப்பை யாரிடமும் சொல்லாதே என்பது அப்பா போட்ட கட்டளை. அதை மறைத்து வாழ்கிற வேதனைதான் நாவல். முடிவில் தன் மாணவர்கள் முன் மண்டியிட்டு, இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்கிறார். பிறகு அமெரிக்காவின் டெக்ஸாஸுக்குப் போகத் தயாராகிறார். தோசொன் புராக்கு அல்ல. நாவல் ஜப்பானிய நவீன இலக்கியத்தின் தொடக்கங்களில் ஒன்று என்று கொண்டாடப்படுகிறது. எனக்கும் அது பெரிய நாவல்தான். ஆனால் மண்டியிட வேண்டியவர் அவரா? இந்தக் கேள்வியை இயக்கத்தினர் விடாமல் கேட்டார்கள். வெளியே நிற்பவர் இரக்கத்தோடு எழுதும்போது, பாதிக்கப்பட்டவனே மன்னிப்புக் கேட்கும்படி கதை முடிந்துவிடுகிறது. தமிழிலும் இப்படி மண்டியிட்ட பாத்திரங்களின் பட்டியல் போடலாம். போட்டால் நேரம் போய்விடும்.

நக்ககாமி கென்ஜி மண்டியிடவில்லை. 1946இல் ஷிங்கு என்ற சிறு ஊரின் புராக்குவில் பிறந்தவர். 1976இல் அகுத்தாகாவா பரிசு பெற்றார். போருக்குப் பின் பிறந்தவர்களில் அதைப் பெற்ற முதல் எழுத்தாளர். தன் இடத்தைப் 'புராக்கு' என்றே அவர் கதைகளில் எழுதவில்லை. 'ரோஜி', அதாவது சந்து, என்றார். அரசின் சொல்லும் வேண்டாம், இயக்கத்தின் சொல்லும் வேண்டாம், நாங்கள் எங்கள் வீட்டு வாசலுக்குச் சொல்லும் சொல் இது என்பதாக எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சந்தில் வன்முறை இருக்கிறது, காமம் இருக்கிறது, குடும்பச் சிக்கல் இருக்கிறது. நல்லவர்களாகக் காட்டி அனுதாபம் வாங்கும் வேலை இல்லை. பிறகு அரசின் நலத்திட்டமே வந்து அந்தச் சந்தை இடித்து அடுக்கு வீடு கட்டியது. இடிபடும் முன்பு அவர் கேமராவை எடுத்துக்கொண்டு போய்ப் படம் பிடித்தார். நல்ல வீடு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆனால் ஒரு பண்பாடு அங்கே மண்ணோடு போனதும் உண்மை. 46 வயதில், 1992இல் இறந்தார்.

மேளத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒசாக்காவின் நனிவா பகுதியில் தலைமுறை தலைமுறையாகத் தைக்கோ மேளம் செய்தவர்கள் புராக்கு மக்கள். கோயில் திருவிழாவில் மேளம் முழங்கும். செய்தவன் பெயர் இருக்காது. 1987இல் அந்தப் பகுதி இளைஞர்கள் தாங்களே அடிக்க ஒரு குழு தொடங்கினார்கள். பெயர் 'இக்காரி'. கோபம் என்று பொருள். நம் பறை அண்ணன்மார்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

1969இல் சிறப்புச் சட்டம் போட்டு, 2002 வரை ஏறத்தாழ 15 லட்சம் கோடி யென் செலவழித்தார்கள். வீடு, சாலை, சாக்கடை, கல்வி உதவி வந்தன. சந்தேகமில்லை, வாழ்க்கை மாறியது. ஆனால் அங்கே இடஒதுக்கீடு இல்லை. ஆளுக்கு அல்ல, இடத்துக்குத்தான் திட்டம். அரசுப் பட்டியலில் சேர்ந்த குடியிருப்புக்கு மட்டும். 1993ஆம் ஆண்டுக் கணக்கில் அப்படி 4,442 குடியிருப்புகள், சுமார் 9 லட்சம் பேர். லீக் சொல்வதோ 6,000 குடியிருப்பு, 30 லட்சம் பேர். பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள், வேறு ஊருக்குக் குடிபோனவர்கள் கணக்கிலேயே இல்லை. 'இவர்களுக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கிறார்கள்' என்ற பொறாமை பேச்சு அங்கேயும் கிளம்பியது. இயக்கமும் அப்பழுக்கற்றதாக இருக்கவில்லை. 1974இல் யோக்கா பள்ளியில் ஆசிரியர்கள் தாக்கப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கட்சியோடு பகை முற்றி இயக்கம் பிளந்தது. பிறகு ஊழல் வழக்குகளும் வந்தன. பத்திரிகைகளோ வம்பு வேண்டாம் என்று புராக்கு என்ற சொல்லையே அச்சிடாமல் விட்டன. அந்த மௌனம் யாருக்கு உதவியது என்று சொல்ல வேண்டியதில்லை. 2002இல் சட்டம் முடிந்தது. 1993க்குப் பிறகு அப்படியொரு நாடு தழுவிய கணக்கெடுப்பே இல்லை. 2016இல் புராக்கு பாகுபாடு இன்னும் இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு ஒரு புதிய சட்டம் வந்தது. அதில் தண்டனைப் பிரிவு கிடையாது.

மாணவத் தோழர்களே, நாம் கவனிக்க வேண்டிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஜப்பானில் போராடுகிறவர்கள், எங்கள் முகவரிப் பட்டியலை வெளியிடாதே என்கிறார்கள். நாம், எங்களைக் கணக்கெடு, சான்றிதழ் கொடு, எண்ணிக்கைக்கு ஏற்ற பங்கைக் கொடு என்கிறோம். இரண்டும் எதிரெதிர் போலத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதிவேட்டில் நம்மைப் பற்றி எழுதுவது யார், அதைத் திறந்து பார்க்கும் சாவி யார் கையில், அதை வைத்து உரிமை கொடுக்கிறானா கல்யாணத்தைக் கெடுக்கிறானா என்பதே இரண்டு இடத்திலும் சண்டை. மறைக்க முடிந்தவன் மறைப்பான். அங்கே முகத்தில் எழுதவில்லை. மறைத்ததன் விலை, உரிமை கேட்கும்போது எண்ணிக்கை இல்லாமல் போவது. பதிந்ததன் விலை என்ன என்று நமக்குத் தெரியும்; தேநீர்க்கடையிலும் வாடகை வீட்டிலும் தினமும் கட்டுகிறோம்.

எல்லை ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னும் ஒரு சங்கதி உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பகுதி சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. சனங்கள் நகரவில்லை, கோடு நகர்ந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நம் மாமன் மச்சான்கள். பட்டியல் சாதிகளின் பட்டியல் மாநிலவாரியாக இருக்கிறது. ஒரு மாநிலத்தின் சான்றிதழ் குடிபெயர்ந்த இன்னொரு மாநிலத்தில் சலுகைக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது. நகரியில் பிறந்த பெண் பள்ளிப்பட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தால், அவளுடைய சாதி அவளோடு முழுசாக வருகிறது. சாதிக்கு எதிரான உரிமை சோதனைச்சாவடியில் நின்றுவிடுகிறது. குடியிருப்பை விட்டு வெளியே போன புராக்குக்காரருக்கு நேர்ந்ததும் இதுதான்.

உலக அரங்கில் நடந்தது ஒரு வேடிக்கை. 1965இல் ஐ.நா. இனப்பாகுபாட்டு எதிர்ப்பு உடன்படிக்கையில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். பின்னால் அதே இந்தியா, அந்தச் சொல் சாதியைக் குறிக்காது என்றது. 1995இல் உடன்படிக்கையில் சேர்ந்த ஜப்பான், அந்தச் சொல் புராக்குவைக் குறிக்காது என்றது. வேறு எதில் ஒத்துப்போனார்களோ இல்லையோ, இதில் இரண்டு அரசும் அண்ணன் தம்பி. அதற்குள் இரண்டு நாட்டு மக்களும் சேர்ந்துவிட்டார்கள். புராக்கு விடுதலை லீக் முன்நின்று 1988இல் டோக்கியோவில் ஒரு சர்வதேச அமைப்பைத் தொடங்கியது. தலித் இயக்கங்களோடு உறவு வளர்ந்தது. 2001 டர்பன் மாநாட்டில் இரு தரப்பும் இருந்தார்கள். 2002இல் ஐ.நா. குழு, வம்சாவளி என்பதில் சாதியும் அடங்கும் என்று தன் பொதுப் பரிந்துரையில் எழுதியது. அதுவும் ஒரு பதிவேடுதான். இந்த முறை நாம் சொன்ன சொல்லை எழுதினார்கள்.

கியோத்தோவில் செய்த வேலையை இந்த ஒன்றியத்தில் செய்து பார்க்கலாம் என்று அமைப்பின் தோழர்களிடம் பேசியிருக்கிறேன். கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு வாங்குவோம். மேல்நிலைத் தொட்டி எங்கே, கடைசிக் குழாய் எங்கே, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, ஆம்புலன்ஸ் எதுவரை வரும், பஸ் எங்கே நிற்கும், இவற்றை மாணவர்கள் குறிக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டம் 2024இல் வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது வரைபடமும் கையில் இருக்கட்டும். குறிக்கும் பேனாவை முடிந்தால் அதிகாரி கையில் கொடுங்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசலில் இருக்கும் நோட்டில் எழுதலாம்.